பதிவேட்டில் மட்டும் படித்த பிள்ளைகள்

தம்பி, இந்தக் கடிதத்தை உன் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அங்கே போய்ச் சேர்ந்து, பெட்டியைத் திறந்து, சட்டைகளுக்கு நடுவில் கண்டெடுத்து, நாலு நாள் யோசித்துவிட்டு போனில் "ஏம்மா இப்படிப் பண்ணுனீங்க" என்று கேட்பாய். அவ்வளவு தூரத்திலிருந்து நீ கேட்பது எனக்கு வசதிதான். வசதியாக இருக்கிறது என்பதாலேயே அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். நீ திருச்சியில் விமானம் ஏற இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. ஒரு பிரதியை உன் கையிலேயே தருகிறேன். இன்னொரு பிரதியை வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டச் சொல்லி, என்னிடம் படித்த ராணியிடம் கொடுக்கப்போகிறேன். நான் செய்த தப்பு நம் வீட்டுக்குள் செய்த தப்பு இல்லை. வீட்டுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ள எனக்கு உரிமையும் இல்லை.

உன் பள்ளியைப் பூட்டிய அன்று கேட்டவர்களிடமெல்லாம் நீ ஒரே பதிலைச் சொன்னாய். "கவர்மெண்ட் தரவேண்டிய பணம் வரல, அதான் மூடுறேன்." அது பொய் இல்லை. ஆனால் அது பாதிதான். மீதிப் பாதியில் நான் இருக்கிறேன். நேருக்கு நேர் அதைச் சொல்ல வாயெடுத்த போதெல்லாம் "விடுங்கம்மா, முடிஞ்சு போச்சு" என்று எழுந்து போய்விட்டாய். முடிந்து போகவில்லை, தம்பி. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி எப்படி வந்தது என்று உனக்கு ஒருமுறைகூட உட்கார வைத்துச் சொன்னதில்லை. அது இருந்த, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெரு முழுக்க விவசாயக் கூலிகள். ராணியின் அப்பா வீரையன் இளவட்டமாக இருந்த காலத்தில், அறுவடைக் கூலியை உயர்த்திக் கேட்டு அத்தனை பேரும் அரிவாளைக் கீழே வைத்தார்கள். பண்ணையார் வெளியூர் ஆளை வயலில் இறக்கினார். அடிதடி ஆகி, போலீஸ் வந்து, வீரையன் மூன்று மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார். கடைசியில் குடவாசலில் அதிகாரிகளை வைத்துப் பேசியபோது கேட்ட கூலியில் பாதிதான் தேறியது. விட்டுக்கொடுத்த பாதிக்கு ஈடாக அந்த மனுஷர்கள் கேட்டது நெல் இல்லை, பணம் இல்லை. பிள்ளைகள் படிக்க ஓர் இடம். பண்ணையார் தெருவோரமாக முப்பது குழி நிலம் எழுதிக் கொடுத்தார். பள்ளிக்கூடம் நடக்கிற வரைக்கும்தான் என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தார். அந்த வரியை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அரசு நடத்துகிற பள்ளிக்கூடம் எப்படி நிற்கும் என்று நினைத்திருப்பார்கள். நான் அங்கே சேர்ந்தபோது ராணி ஒன்றாம் வகுப்பு. மழைக்காலத்தில் வாய்க்கால் நிரம்பி வழியும்போது என் செருப்பைத் தன் பையில் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்து இக்கரை கொண்டுவந்து விடுவாள்.

உன் அத்தா குவைத்தில் இருந்தது உனக்காகத்தான். சர்க்கரை ஏறி, கால் விரலை எடுத்து, ஊருக்கு வந்து உட்கார்ந்தபோது அவர் சொன்ன ஒரே விஷயம், "இவன் அங்க போகக்கூடாது" என்பது. பி.எட். முடித்துவிட்டு நீ தகுதித் தேர்வு எழுதி, தேறி, வேலைக்கு அழைப்பு வரும் வரும் என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்த வருஷங்களை அவரால் தாங்க முடியவில்லை. கையில் இருந்ததை எல்லாம் போட்டு, போதாததற்கு பேங்கில் கடன் வாங்கி, நர்சரி பள்ளியைக் கட்டிக் கொடுத்தார். தாளாளர் என்று உன் பெயரைப் பலகையில் எழுதிய அன்று அவர் அழுதார். நீயும் ஏமாற்றுக்காரன் இல்லை. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் நல்லபடி சொல்லிக் கொடுக்கிற பள்ளி ஒன்று நம் ஊரில் இருக்க வேண்டும் என்று மனசார நினைத்தாய். ஆனால் பிள்ளைகள் வரவில்லை. டவுன் பள்ளிகளின் வேன் நம் வாசலிலேயே வந்து நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது.

அப்போதுதான் அந்த இருபத்தைந்து சதவீத ஏற்பாடு நம் பக்கம் எல்லோருக்கும் தெரிய ஆரம்பித்தது. தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்க்கையில் நாலில் ஓர் இடத்தை அக்கம்பக்கத்து ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும், அந்தப் பிள்ளையின் கட்டணத்தை அரசே பள்ளிக்குக் கட்டிவிடும். நீ வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாய். "உங்க பள்ளிக்கூடத் தெருப் புள்ளைங்களும் இங்கிலீஷ்ல படிக்கட்டுமேம்மா. நமக்கும் நாலு காசு நிச்சயமா வரும். யாருக்கும் நஷ்டம் இல்ல." அந்தக் கடைசி வார்த்தையை நம்ப எனக்கு ஆசையாக இருந்தது. நான் நம்பினேன். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவள்தான் நான். ஆனாலும் உட்கார்ந்து யோசிக்கவில்லை.

விண்ணப்பங்களை எங்கே வைத்து எழுதினேன் தெரியுமா? என் பள்ளியில், தலைமையாசிரியர் மேஜையில். அங்கன்வாடிக்குப் பிள்ளையை விட வருகிற தாய்மாரை நானே கூப்பிட்டு உட்கார வைத்தேன். வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்துக்குக் கூடவே போனேன். ராணி மட்டும் தயங்கினாள். இடுப்பில் மகள் இலக்கியா. மூன்று வயசு.

"இங்கன்னா மத்தியானம் சோறு உண்டு டீச்சர். நான் நடவுக்குப் போயிட்டா அதுவா வந்து அதுவா போயிரும். அங்க யாரு பாத்துக்குவா?"

"என் மவன் பள்ளிக்கூடம்டி. நான் பாத்துக்க மாட்டனா?"

"பணம் கிணம் கேட்டா?"

"ஒத்தப் பைசா வேணாம். கவர்மெண்டே கட்டும்."

"நாளைக்குக் கட்டலன்னா?"

அவள் ஐந்தாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவள். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவள் கேட்டாள். நான் சிரித்தேன். "கவர்மெண்ட் எங்கடி ஓடிப்போவப் போவுது?" என்றேன். என் பேனாவை அவள் கையில் கொடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினேன்.

முதல் வருஷம் ஐந்து பிள்ளைகள் போனார்கள். ஐந்துதானே என்று இருந்தேன். ஐந்து பிள்ளை குறைந்ததால் என் பள்ளியில் ஓடு மாற்றுகிற செலவு குறையவில்லை, கரண்ட் பில் குறையவில்லை, கரும்பலகைக்குப் பூசுகிற மையும் குறையவில்லை. ஆனால் தலையை எண்ணித்தான் பள்ளி மானியம், தலையை எண்ணித்தான் ஆசிரியர் பணியிடம். அடுத்த வருஷம் ஆறு, அதற்கடுத்த வருஷம் அதைவிட அதிகம். ஒன்றாம் வகுப்பில் உட்கார ஆளில்லாமல் போனபோது பணி நிரவல் என்று சொல்லி உதவி ஆசிரியையை மன்னார்குடிப் பக்கம் மாற்றினார்கள். அவள் என் மேஜைக்கு முன்னால் நின்று, "நீங்களே புள்ளைங்கள அங்க அனுப்பிட்டு இப்ப எனக்கு வழியனுப்பு விழா வேற நடத்துறீங்களா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு மாலையை வாங்காமல் போனாள். ஒரே டீச்சர் ஐந்து வகுப்பையும் பார்க்கிற பள்ளியில் யார் பிள்ளையை விடுவார்கள்? மிச்சம் இருந்தவர்களும் நகர்ந்தார்கள். சத்துணவுக் கூடத்தில் அடுப்பு அணைந்தது. நான் ஓய்வு பெற்ற வருஷமே பள்ளியை நெடுஞ்சாலைக்கு அப்பால் இருக்கிற பள்ளியோடு இணைத்தார்கள். வட்டாரக் கல்வி அலுவலர் நல்ல மனுஷர்தான். "பிள்ளைங்களே இல்லாத கட்டடத்துக்கு நான் எந்தத் தலைப்புல டீச்சர் பணம் கேக்குறது?" என்றார். சாவியை ஒப்படைத்ததற்கு என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்.

உன் பக்கமாவது செழித்ததா? அதுவும் இல்லை. பிள்ளை வந்த அன்றைக்கே பெஞ்ச் வேண்டும், புத்தகம் வேண்டும், டீச்சருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வேண்டும். பணம் மட்டும் அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று வந்தது. வந்ததும் நீ கேட்டது இல்லை, அவர்கள் நிர்ணயித்தது. பிறகு அதுவும் நின்றது. டெல்லியிலிருந்து வரவில்லை என்று சென்னையில் சொன்னார்களாம், மேலேயிருந்து வரவில்லை என்று திருவாரூரில் சொன்னார்கள். அந்த ஓட்டையை அடைக்க, கட்டணம் கட்டிப் படிக்கிற பிள்ளைகளிடம் நீ கூடுதலாகக் கேட்டாய். அவர்கள் கோபப்பட்டு டவுன் வேனில் ஏறிவிட்டார்கள். கட்டுகிறவர்கள் போகப் போக, கட்ட முடியாதவர்கள் மட்டும் உன்னிடம் மிஞ்சினார்கள். நாலில் ஒன்றாக இருந்தவர்கள் பாதியானார்கள். என் பள்ளியிலிருந்து பிள்ளைகளை எடுத்து உன் பள்ளியை நிரப்பினேன். கடைசியில் இரண்டு பள்ளியையும் நானே காலி செய்தேன். உன் அத்தா இதையெல்லாம் முழுதாகப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தார். அல்லாஹ் அவருக்குச் செய்த கிருபை அது.

ஓய்வு பெற்ற கையோடு சம்பளம் இல்லாத தலைமையாசிரியையாக உன் பள்ளிக்கு வந்தேனே, அதற்குப் பிறகு நடந்ததற்கு நீ மட்டும் பொறுப்பு இல்லை. இலவசப் பிள்ளைகளின் பெற்றோரிடம் "இப்போதைக்கு நீங்க கட்டுங்க, கவர்மெண்ட் தந்ததும் திருப்பித் தர்றோம்" என்று சுற்றறிக்கை அனுப்பினாய். அது கூடாது என்று எனக்குத் தெரியும். சுற்றறிக்கைக்குக் கீழே இருந்தது என் கையெழுத்து. ராணி தோட்டை அடகு வைத்து ஒரு தவணை கட்டினாள். அடுத்த தவணைக்கு அடகு வைக்க அவளிடம் ஒன்றும் இல்லை.

அரையாண்டுத் தேர்வு அன்று, கட்டணம் கட்டாத ஒன்பது பிள்ளைகளை நீ வராந்தாவில் நிற்க வைத்தாய். டீச்சர்களுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி, பேங்க்காரர் முதல் நாள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார், உன் முகம் உன் முகமாகவே இல்லை. எல்லாம் தெரியும். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வினாத்தாளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். இலக்கியா கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். நாலாம் வகுப்பு.

"டீச்சர், கவர்மெண்ட்டு எப்ப வந்து எனக்கு பீஸு கட்டும்?"

யாரோ ஒரு ஆள், சைக்கிளிலோ பஸ்ஸிலோ வந்து இறங்கிக் கட்டிவிட்டுப் போவார் என்று நினைத்துக் கேட்டாள். நான் கதவைத் திறந்துவிட்டிருக்கலாம். நான் தலைமையாசிரியை. என்னை யாரும் தடுத்திருக்க முடியாது. "உஷ், சத்தம் போடாத" என்றேன். அதைத்தான் சொன்னேன். மத்தியானம் ராணி வயல் சேற்றோடு வந்து பிள்ளையின் பையை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாளிலிருந்து அந்த ஒன்பது பேரில் ஒருவரும் வரவில்லை.

வராத பிள்ளைகளை நீ பதிவேட்டிலிருந்து எடுக்கவில்லை. அரசின் கம்ப்யூட்டர் கணக்கில் அவர்கள் நம் பள்ளி மாணவர்களாகவே இருந்தார்கள். நாம் விடுவிக்காமல் வேறு பள்ளியில் பெயரை ஏற்ற முடியவில்லை. ராணி டி.சி. கேட்டு மூன்று முறை வந்தாள். "பணம் வந்துரட்டும்மா, அதுங்க பேரு இருந்தாத்தான் நம்ம கோரிக்கை நிக்கும். அது வந்தா கடன அடச்சுரலாம், நான் வெளிநாடு போகவே வேணாம்" என்றாய். போகவே வேண்டாம் என்று நீ சொன்னதும் நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த ஒரு வார்த்தைக்காக ஒன்பது பிள்ளைகளைப் பதிவேட்டில் படிக்க வைத்தேன். இலக்கியா வீட்டில் தன் தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு, அம்மா வயலிலிருந்து திரும்பும்வரை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழைய பள்ளி தெருவிலேயே இருந்திருந்தால் பேர் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருப்பார்கள்.

சம்பா அறுவடை முடிந்ததும் பண்ணையாரின் பேரன் சர்வேயரோடு வந்தார். பள்ளிக்கூடம் நடக்கவில்லை, இடம் எங்களுக்கே என்று மனுப் போட்டிருந்தார். வீரையன் கம்பை ஊன்றிக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நீதான் நாற்காலி போட்டாய். அவர் உட்காரவில்லை.

"விசாரணைக்கு நீங்க வரணும் டீச்சரம்மா. அங்க பள்ளிக்கூடம் நடந்துச்சு, புள்ளைங்க படிச்சுதுங்க, இனியும் வேணும்னு நீங்க சொன்னா எடுபடும்."

போனேன். உன்னிடம் கல்யாணத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். குடவாசல் ஆபீஸில் தெரு ஜனம் நாற்பது பேர் நின்றார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார். "பள்ளிக்கூடத்த நாங்க மூடச் சொல்லல. புள்ளைங்க ஏன் வரல, நீங்களே சொல்லுங்கம்மா."

"தனியார் பள்ளிக்குப் போயிட்டாங்க."

"எந்தப் பள்ளிக்கு?"

"என் மகன் நடத்துன பள்ளிக்கு."

"யாரு அனுப்புனது?"

தாசில்தார் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வீரையனும் பார்த்தார். அதுவரைக்கும் அந்த மனுஷருக்கு யாரும் அதை அப்படிக் கோர்த்துச் சொன்னதில்லை. "நான்தான் அனுப்புனேன்" என்றேன். வெளியே வந்ததும் அவர் என்னைத் திட்டவில்லை. "நாங்க அன்னைக்குக் கூலியையே முழுசாக் கேட்டிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். கம்பைத் தட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். உத்தரவு இன்னும் வரவில்லை. ஆனால் கல் ஊன்றிக் கம்பி கட்டிவிட்டார்கள்.

இப்போது நீ அறியாத விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நீ துணிமணி வாங்கக் கும்பகோணம் போயிருந்தாய். என்னிடம் இருக்கிற சாவியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். கம்ப்யூட்டர் அறையில் தூசி தட்டி உட்கார்ந்தேன். ஒன்பது பிள்ளைகளின் பெயரையும் ஒவ்வொன்றாக விடுவித்தேன். ஒன்பது டி.சி.யிலும் தலைமையாசிரியை என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். படித்த கடைசி நாள் என்ற இடத்தில் வராந்தாவில் நின்ற அந்தத் தேதியை எழுதினேன். வருகைப் பதிவேட்டில் அதற்குப் பிறகு போட்டிருந்த வருகைக் குறிகள் பொய் என்று அலுவலருக்கு ஒரு கடிதமும் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். அதற்காக என் பென்ஷனில் கை வைப்பார்களோ என்னவோ. வைக்கட்டும். உன் கோரிக்கை இனி நிற்காது, தம்பி. அந்தப் பணம் வந்தால் ஆறு மாதத்தில் திரும்பிவிடுவேன் என்று உன் மனைவியிடம் சொல்லியிருக்கிறாய், எனக்குத் தெரியும். இனி ஆறு மாதம் இல்லை. எத்தனை வருஷம் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. உன் அத்தா எந்த வெயிலுக்கு நீ போகக்கூடாது என்றாரோ, அந்த வெயிலில் நீ நிற்கப் போகிற காலத்தை உன்னைப் பெற்றவளே நீட்டி வைத்திருக்கிறேன். உன்னிடம் கேட்டிருந்தால் நீ சம்மதித்திருக்கலாம். "ரெண்டு நாள் பொறுங்கம்மா" என்று நீ சொல்லியிருந்தால் நான் மறுபடியும் வாயை மூடியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

இன்று காலை ராணி அந்த டி.சி.யோடு இலக்கியாவைக் கூட்டிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு அப்பால் இருக்கிற பள்ளிக்குப் போனாள். லாரிகளுக்கு நடுவில் ரோட்டைக் கடந்துதான் போக வேண்டும், தினமும். சாயங்காலம் வந்து நம் வாசலில் நின்று சொன்னாள். அந்தத் தலைமையாசிரியர் வாசிக்கச் சொன்னாராம், பிள்ளைக்குத் திணறியதாம். நாலில் உட்கார வைத்திருக்கிறார், ஆனால் மூன்றின் பாடத்தைத் தனியாகச் சொல்லித் தரவேண்டும் என்றாராம். "ஒரு வருசம் போச்சு டீச்சர்" என்றாள். நன்றி என்று அவள் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? உள்ளே வா என்றேன், வரவில்லை. போகும்போது மட்டும், "தம்பி என்னைக்கு ஊருக்குப் போவுது?" என்று கேட்டாள். வியாழக்கிழமை என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

பாஸ்போர்ட்டை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறாய், மறந்துவிடாதே. சாப்பாட்டில் உப்பைக் குறை, உன் அத்தாவின் உடம்புதான் உனக்கு. இதைப் படித்துவிட்டு நீ என்னோடு பேசாமல் இருந்தால் அது நியாயம்தான், நான் வருத்தப்படமாட்டேன் என்று எழுதினால் அது பொய். மன்னித்துவிடு என்று உன்னைக் கேட்க மாட்டேன், அதைக் கேட்க வேண்டிய வீடுகள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒன்பது இருக்கின்றன. வியாழக்கிழமை கார் வந்து நின்றதும், கோபத்தோடாவது, முகத்தைத் திருப்பிக்கொண்டாவது, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ. சொல்லாமல் மட்டும் போய்விடாதே, தம்பி.